கடல் உள்வாங்கும் ஊர்

டிசம்பர் 25, வியாழன்

அத்தையும் மாமாவும் இன்று காலை மும்பை தாதரில் வந்து இறங்கினார்கள். ஒரு பை நிறையக் கருப்பட்டி, இரண்டு டப்பா மக்ரூன். மாமா தூத்துக்குடியில் உப்பளக் கணக்குப்பிள்ளை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகளெல்லாம் மூழ்கிக் கிடக்கும். மழை நின்று, தை பிறந்து, மறுபடி பாத்தி மிதிக்கத் தொடங்கும்வரை அவருக்கு வேலை குறைவு. உப்பளக் குடும்பத்துக்கு விடுமுறை என்றால் மார்கழிதான்.

மும்பைக்கும் இதுதான் நல்ல காலம். நாங்கள் இருக்கும் செம்பூரில் விடியற்காலையில் போர்வையை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. பகல் வெயில் உறைப்பதில்லை. நாலைந்து நாள் ஊரைச் சுற்றிவிட்டு, வருடப் பிறப்புக்கு எதிர்வீட்டு மராத்திக் குடும்பத்தோடு, படகில் போகும் தூரத்தில் இருக்கும் அலிபாக் பக்கம் போவதாகத் திட்டம். அங்கே நாகாவ் என்ற ஊரில் அவர்களுக்குப் பூர்வீக வீடு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்த வீட்டு அம்மாவைக் காக்கு என்று கூப்பிடுவார்கள். பழகிப்போய் இப்போது நாங்களும் அப்படித்தான்.

டிசம்பர் 26, வெள்ளி

பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். பத்தரை மணி இருக்கும். நடைபாதைச் சுவரை ஒட்டிக் கருங்கல் பாறைகள் வெகுதூரம் விரிந்து கிடந்தன. மேலே பச்சைப் பாசி, இடுக்குகளில் தேங்கிய தண்ணீர், அதில் ஓடும் குட்டி நண்டுகள். அலை எங்கோ தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "தண்ணீர் எங்கே போயிற்று?" என்றார். குரல் சரியாக இல்லை. அப்போதுதான் எனக்குத் தேதி உறைத்தது.

2004இல் இதே தேதியில் அத்தை கன்னியாகுமரியில் இருந்தார். கடல் விலகி, அதுவரை பார்த்திராத பாறைகள் வெளியே தெரிந்ததையும், வேடிக்கை பார்க்க ஜனங்கள் இறங்கிப் போனதையும், அதன்பிறகு நடந்ததையும் கண்ணால் கண்டவர். அதற்குப் பிறகு திருச்செந்தூருக்கே போனாலும் கடலில் கால் நனைப்பதில்லை. கோயில் படியில் நின்றே கும்பிட்டுவிடுவார். அமாவாசை, பௌர்ணமியில் "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது" என்று டி.வி.யில் செய்தி ஓடினால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் கிடையாது என்று மாமா சொல்லியிருக்கிறார்.

அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னேன். இங்கே கடல் நாள்தோறும் இரண்டு முறை உள்வாங்கும், இரண்டு முறை திரும்பி வரும். நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் தேறினால் அதிகம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நாலு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. மும்பைக்கு வெளியே கடலடித் தரை சுமார் 300 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆழமில்லாமல் மேடை போட்டதுபோலக் கிடக்கிறது. ஆழ்கடலிலிருந்து வரும் ஏற்றம் அந்த மேடையில் ஏறி வரும்போது உயர்ந்துகொண்டே வருகிறது. வடக்கே காம்பே வளைகுடாவில் இதைவிடவும் அதிகம்.

மாமா ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டார். அத்தை கேட்டாரா என்று தெரியவில்லை. "வீட்டுக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

நான் போகவில்லை. வற்புறுத்தியது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். மவுண்ட் மேரி தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, நாலரை மணிக்கு அதே பெஞ்சுக்குத் திரும்பினோம். பாறைகள் எல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தன. காலையில் இளைஞர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதே" என்றார்.

டிசம்பர் 28, ஞாயிறு

மாலையில் மரைன் டிரைவ். குளிர்காலப் புகைமூட்டத்தில் எதிர்ப்பக்கத்து மலபார் ஹில் கட்டடங்கள் பாதிதான் தெரிந்தன. இந்த ஊர்க் காற்று இந்த மாதங்களில் இப்படி ஆகிவிட்டது பெரிய வேதனை.

பிள்ளைகளுக்குக் கடற்காகங்கள் போதுமாக இருந்தன. நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் போன்ற மேட்டுநிலங்களின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே இறங்கி வருகிறது. அத்தனை தூரம் பறந்து வந்த பறவைக்குக் காட்டியாவையும் சேவையும் வாரி இறைக்கிறார்கள். எண்ணெயில் பொரித்த உப்புப் பண்டம் மீன் தின்னும் பறவைக்கு என்ன நன்மை செய்யும்? என் மகள் ஒரு பொட்டலம் கேட்டாள். வாங்கித் தரவில்லை. பறவை தானாக மீன் பிடிப்பதைக் காட்டினேன்; முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் பார்த்தாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. விடியுமுன் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று சொர்க்கவாசல் கடந்து வந்தோம்.

மத்தியானம் காக்கு வந்தார், நாளைக்கு என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேச. அத்தையின் பயத்தை அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கொங்கணக் கரையில் பழங்காலத்திலிருந்து இருக்கும் கணக்கு. அன்றைய திதி எத்தனையாவதோ அதை முக்காலால் பெருக்கினால் கடல் நிறையும் மணி வந்துவிடும். பகலிலும் அதே மணி, இரவிலும் ஏறக்குறைய அதே மணி. அதிலிருந்து ஆறு மணி நேரம் கூட்டினால் முழுவதும் வடிந்திருக்கும். பௌர்ணமியும் அமாவாசையும் பதினைந்து. மறுநாள் பிரதமையில் மீண்டும் ஒன்று.

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் மாமா கணக்கில் இறங்கிவிட்டார். பழைய கணக்குப்பிள்ளை, முக்கால் வாய்ப்பாடு நாக்கு நுனியில் இருக்கிறது. "பாந்த்ராவுக்குப் போன அன்று சஷ்டி. ஆறு முக்கால் நாலரை." அத்தை நிமிர்ந்து பார்த்தார். நாலரை மணிக்குப் பாறைகள் முங்கிக் கிடந்ததைத் தாமே பார்த்தாரே. சஷ்டி விரதக்காரர், திதியெல்லாம் அவருக்குக் காலண்டரைப் பார்க்காமலே தெரியும். "இன்றைக்கு ஏகாதசி, பதினொன்று" என்று தொடங்கினார். "எட்டேகால்" என்று மாமா முடித்தார். செல்போனில் எடுத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

டிசம்பர் 31, புதன்

ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் போகும்போது வடாலா பக்கத்து உப்பளங்களை மாமா கண்டுபிடித்துவிட்டார். காரை நிறுத்த முடியாத சாலை. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூத்துக்குடியில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து உவர்நீர் இறைக்கிறார்கள். இங்கே பௌர்ணமி, அமாவாசைப் பெருக்கில் கழிமுகம் வழியாக ஏறும் கடல்நீரை மதகு திறந்து பாத்திக்கு விட்டார்கள் என்றேன். "அப்படியென்றால் மோட்டார் செலவே கிடையாதா!" என்று மலைத்துப்போனார். அந்த அளங்களில் பலவும் இன்று வேலையின்றிக் கிடக்கின்றன என்றதும் பேசாமல் வந்தார்.

கேட்வே ஆஃப் இந்தியாவில் மாண்ட்வா படகுக்குக் கூட்டம் நெரிந்தது. 2024 டிசம்பரில் நடந்த எலிஃபண்டா படகு விபத்துக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் போடச் சொல்வதில் கண்டிப்பு வந்திருக்கிறது, நல்லது. அத்தை போட்டுக்கொண்டு கந்தசஷ்டிக் கவசத்தை முணுமுணுத்தபடியே வந்தார். ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா, அங்கிருந்து பஸ்ஸில் அலிபாக், பிறகு ஆட்டோ.

நாகாவ் வீட்டைச் சுற்றிப் பாக்கு, தென்னந்தோப்பு. கடற்கரை ஹோட்டல்களில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. தோப்புக்குள் நல்லவேளையாக அது அடங்கித்தான் கேட்டது.

இரவு போப்டி. ராய்கட் மாவட்டத்துக் குளிர்காலச் சமையல். இதற்காகவே இந்த மாதத்தில் இங்கே வரலாம். மண்பானைக்குள் முதலில் பாம்புர்டா என்ற இலையைத் திணிக்கிறார்கள். வயலோரம் தானாக முளைக்கும் செடி, கசக்கினால் காட்டமான வாசனை. அதன்மேல் முழு மொச்சைக்காய், தோலோடு உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கைநிறைய ஓமம், கல்லுப்பு. மறுபடி இலை வைத்து வாயை அடைக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சுற்றிலும் வைக்கோலும் காய்ந்த ஓலையும் குவித்துக் கொளுத்துகிறார்கள். அரைமணி நேரம் கழித்துக் காக்குவின் கணவர் பானைமேல் தண்ணீர் தெளித்தார். சுரீர் என்று அந்த நொடியே ஆவியாகிவிட்டது. வெந்துவிட்டது என்று அர்த்தம்.

கோழியும் முட்டையும் போட்டு ஒரு பானை, மார்கழி என்பதால் எங்களுக்குத் தனியே ஒரு பானை. கேட்காமலே செய்திருந்தார் காக்கு. அந்த மனசுக்கு என்ன கைம்மாறு செய்வது? அத்தை சுடச்சுட மொச்சையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "பொங்கலுக்கு வாங்கும் அதே மொச்சை, இந்த வாசனை மட்டும் வேறு" என்று காக்குவிடம் தமிழிலேயே சொன்னார். காக்கு மராத்தியில் பதில் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு வாணவேடிக்கை கேட்டபோது இருவரும் நெருப்பருகே இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜனவரி 1, வியாழன்

கொலாபா கோட்டை. மும்பையின் கொலாபா அல்ல, அலிபாக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் நிற்கும் கோட்டை. சிவாஜியின் கடைசி ஆண்டான 1680இல் கட்டத் தொடங்கியது. மராத்தியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்க்ரே இங்கிருந்துதான் ஆண்டார். 1729இல் அலிபாக்கில்தான் மறைந்தார். ஏற்றத்தில் தீவு, வற்றத்தில் நடந்தே போகலாம்.

அத்தை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். காலையில் அவரே மாமாவிடம் கேட்டார்: "திரயோதசி, பதின்மூன்று முக்கால் எவ்வளவு?" ஒன்பதே முக்கால். ஆறு மணி நேரம் கூட்டினால் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னே. கரைக்குப் போனதும் குதிரை வண்டிக்காரரிடம் போய், எங்கள் யாரையும் கூப்பிடாமல், கடலைக் காட்டிக் கையை விரித்தார். அவர் நாலு விரலைக் காட்டினார்.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

மூன்றே கால் மணிக்கு இறங்கினோம். மணல் கெட்டியாக, வரிவரியாக இருந்தது. சில இடங்களில் கணுக்கால் தண்ணீர், நடுவில் ஓரிடத்தில் முழங்கால். அந்த இடத்தில் காக்குவின் மணிக்கட்டை அத்தை இறுக்கிப் பிடித்ததில் வளையல் தடம் பதிந்துவிட்டது. காக்கு கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆழம் குறைந்ததும் பிடி தளர்ந்தது, ஆனாலும் விடவில்லை.

கோட்டைக்குள் பிள்ளையார் கோயில். வடக்கு மதில்மேல் சக்கரம் வைத்த இரண்டு பீரங்கிகள், இங்கிலாந்தின் யார்க்ஷயரில் லோ மூர் ஆலையில் வார்த்தவை. எழுத்து இன்னும் படிக்க முடிகிறது. மாமா பீரங்கியைவிடக் கிணற்றைத்தான் அதிக நேரம் பார்த்தார். நாலுபுறமும் உப்புக்கடல், நடுவில் நல்ல தண்ணீர்க் கிணறு. மண்ணில் இறங்கும் மழைநீர் கனம் குறைவானது, அது உவர்நீரின் மேலே மிதந்து நிற்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். அதிகம் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறிவிடும், அளவாக எடுத்தவர்களுக்குத்தான் இத்தனை காலம் கொடுத்திருக்கிறது என்றார். உப்பில் வாழ்நாளைக் கழித்தவர் சொல்லும்போது பாடம் வேறு மாதிரி ஏறுகிறது. அத்தை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, "நம் நாழிக்கிணறு!" என்றார்.

நாலரைக்கெல்லாம் நான் அவசரப்படுத்தினேன். நேரம் பார்க்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்து, தண்ணீர் ஏறிய பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு. சிலர் இன்னும் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். அத்தை அவர்களை வழிமறித்து, தமிழில், திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு குடும்பம் திரும்பியும் விட்டது.

ஜனவரி 3, சனி

நேற்று இரவே செம்பூர் வந்துவிட்டோம். இன்று திருவாதிரை. அத்தை சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு களியும் ஏழுகறிக் கூட்டும் செய்தார். கூட்டில் நாகாவிலிருந்து கொண்டுவந்த மொச்சை.

காக்கு குடும்பத்தோடு சாப்பிட வந்தார். நாழிக்கிணறு என்றால் என்ன என்று கேட்டார். கடலை ஒட்டி இருக்கும் திருச்செந்தூரில் சிறிய கிணற்றுக்குள் நல்ல தண்ணீர் ஊறும் கதையை அத்தை சொல்ல, நான் மராத்தியில் சொன்னேன். கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார் காக்கு. தை பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும், பாத்தி மிதிக்கத் தொடங்கிவிட்டால் தனக்கு நேரம் இருக்காது என்று மாமா உடனே நிபந்தனை போட்டார். அடுத்த டிசம்பர் கடைசி வாரம் என்று முடிவாகியிருக்கிறது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே அக்டோபர் கடைசியில் காலை எட்டு மணிக்கெல்லாம் உட்கார்ந்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கும் பொறுப்பு என்னுடையது.