டைனமோவும் உளுந்துச் செடியும்

டைனமோ விளக்கை நம்பி ராத்திரியில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். ரோடு நன்றாக இருக்கும் இடத்தில் வேகமாக மிதிப்போம். அதுவும் கல்யாண வீடு மாதிரி எரியும். பள்ளம் வருகிறதே என்று மெதுவாகப் போனால், அந்த நேரம் பார்த்து மங்கிவிடும். டயரின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு சுற்றும் சின்ன உருளை அது. 6 வோல்ட், 3 வாட். சக்கரம் ஓடினால்தான் வெளிச்சம். பள்ளத்தில் விழுந்துவிட்டாலோ, எங்கே அடிபட்டது என்றுகூடத் தடவித்தான் பார்க்க வேண்டும்.

1990களின் நடுவில் எனக்குக் கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் வேலை. வைகாசி முகூர்த்தத்துக்குச் சித்திரையிலேயே பத்திரிகைகள் குவிந்துவிடும். மாப்பிள்ளையின் பட்டம் சரியா, தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று புரூஃப் பார்த்துக் கிளம்பும்போது இரவு பதினொன்று தாண்டிவிடும். சுவாமிமலை தாண்டி உள்ளே எங்கள் ஊர். 10 கிலோமீட்டர். அப்பாவின் பழைய சைக்கிள்.

அந்த ரோட்டின் பள்ளங்கள் எனக்கு மனப்பாடம். அரசமரத்துக்கு முன்னால் ஒன்று, மதகுக்கு அப்பால் அடுத்தடுத்து இரண்டு. பழகிய பள்ளத்தால் தொந்தரவே இல்லை. நேற்று இல்லாமல் இன்று முளைப்பவைதான் ஆளைக் கவிழ்க்கும். ரோடு போடக் கொட்டிய ஜல்லி, தார் நிறத்திலேயே தார்மேல் படுத்து அசைபோடும் எருமை, இப்படி. எருமையிடம் ஒரு நல்ல குணம் உண்டு. மணி அடித்தால் நகராதே தவிர, ‘புஸ்’ஸென்று மூச்சு விடும். அதை வைத்து வளைத்துக்கொண்டு போய்விடலாம்.

எதிரே வரும் லாரிக்கு, அச்சகத்தில் பெரிய கம்பாசிட்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். லாரி வெளிச்சம் பட்டால் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும். அதனால் லாரி வரும்போது ஒரு கண்ணை மூடிக்கொள், கடந்ததும் திற என்றார். நிஜமாகவே வேலை செய்தது. ஒருநாள் லாரி என்று நினைத்துக் கண்ணை மூடினேன். வந்தது புல்லட்டில் எங்கள் ஊர்ப் பெரியவர். “ஒம் பையன் என்னையப் பாத்துக் கண்ணடிக்கிறாம்ப்பா” என்று மறுநாள் அப்பாவிடம் வந்து நின்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நிலா இல்லை, கரண்டும் இல்லை. மதகுப் பள்ளங்களைத் தாண்டிய தெம்பில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று டயர் சத்தம் மாறியது. கரகரவென்று வந்தது சரசரவென்று ஆனது. உளுந்துச் செடி! பிடுங்கிய செடியைக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி நெற்றை உடைத்துக் கொடுக்கும். பஸ்ஸுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கோ, டைனமோவில் நாலு கொடி, செயினில் நாலு, ஃப்ரீவீலில் மிச்சமெல்லாம். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை.

மெத்தை மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். முழங்கையெல்லாம் கீறல், கழுத்துக்குள் தூசு. எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். பக்கத்தில் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி போர்த்திய உருவம் ஒன்று, படுத்தபடியிருந்து நேராக எழுந்து உட்கார்ந்தது.

“சுவாமிநாதா!” என்று அலறினேன். அதுவும் “சுவாமிநாதா!” என்று அலறியது. யாரிடம் முதலில் வருவது என்று மலைமேல் இருப்பவருக்கே குழம்பியிருக்கும்.

காவலுக்குப் படுத்திருந்த தாத்தா. டார்ச்சை அடித்து முதலில் செடியைப் பார்த்தார், அப்புறம் சைக்கிளை, கடைசியாக என்னை. தலைமாட்டிலிருந்து கருக்கரிவாளை எடுத்தபோது எனக்கு மறுபடியும் அடிவயிறு கலங்கியது. அவர் பாட்டுக்குக் குந்தி உட்கார்ந்து, செயினில் சுற்றிய கொடிகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். அறுத்ததையும் வீணாக்காமல் குவியலிலேயே போட்டார்.

ஒரு நெற்றை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாதிதான் வெடிச்சிருக்கு தம்பி. கடைசி பஸ்ஸு போனதுலேருந்து ஒரு வண்டி வரல. வந்ததுதான் வந்தீங்க, மேல ஒரு ரெண்டு நடை போயிட்டு வாங்களேன்.”

மறுக்க வாய் வரவில்லை. நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு உளுந்துமேல் போனேன், வந்தேன். கொடி சுற்றாமல் இருக்க ஆமை வேகம். டைனமோ வழக்கம்போலக் கைவிட்டது. ஆனால் தாத்தா கூடவே நடந்து டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். அந்த ரோட்டில் மெதுவாகப் போயும் வெளிச்சம் கிடைத்தது அன்றைக்கு மட்டும்தான். “ஓரத்துல ஏறல பாருங்க, ஓரத்துல” என்று மேற்பார்வை வேறு. மூன்றாவது நடையில் செயின் கழன்றது. அந்தச் சாக்கில் தப்பித்தேன்.

வீடு சேரும்போது மணி ஒன்று. கதவைத் திறந்த அம்மா திட்ட ஆரம்பிப்பதற்குள், செயினில் மாட்டாமலிருக்க மடித்துவிட்டிருந்த பேண்டைப் பிரித்தேன். திண்ணையில் பொலபொலவென்று உளுந்து கொட்டியது. அம்மா குனிந்து ஒரு மணி விடாமல் பொறுக்கிக் கையில் அள்ளினாள். உள்ளங்கையில் எடை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நாளைக்கு அந்தத் தொளதொள பேண்டப் போட்டுக்கிட்டுப் போ.”