ஊசிக்கணவாய்க் குஞ்சு: கை மாறும்போது இரையும் மாறும்

பெரிய ஊசிக்கணவாயின் சின்ன உருவம்தானே என்று நினைத்து குஞ்சுக்குத் தீனி போட்டால் தொட்டி சீக்கிரமே காலியாகிவிடும். கலிபோர்னியா ஊசிக்கணவாய் பொரிக்கும்போது தலையை விட்டுவிட்டு உடல் மட்டும் சுமார் 3 மி.மீ. இருக்கும். உருண்டையான குப்பி போன்ற உடல், வால் முனையில் ஒட்டவைத்த மாதிரி இரண்டு குட்டித் துடுப்புகள். அந்த அளவுக்குத் தண்ணீரே பாகு மாதிரிதான். தண்ணீரைப் பீச்சி நீந்துவதை நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடும், வழுக்கிக்கொண்டு போகாது.

வயிற்றிலிருக்கும் மஞ்சள்கரு சில நாள்தான் தாங்கும். அதற்குள் கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுமீன்களைப் பிடிக்கப் பழக வேண்டும். தீனியாக விற்கும் உப்புநீர் இறாலான ஆர்ட்டீமியாவின் குஞ்சை எளிதாகப் பிடித்துவிடும், ஆனால் அதில் வளர்ச்சிக்குத் தேவையான டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு மிகக் குறைவு. வயிறு நிறைய தின்றும் குஞ்சு செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். உயிருள்ள கோபிபாட் எந்நேரமும் சுற்றிலும் இருக்கட்டும். பட்டினி கிடந்து ஒரு கட்டம் தாண்டிவிட்டால் பிறகு இரை கொடுத்தும் பிழைக்காது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் நீள்கை. எட்டுக் கைகளோடு கூடுதலாக இருக்கும் இரண்டு நீளமான பிடிகைகள்தான் இவை; பெரிய கணவாயில் 20 முதல் 40 மில்லி விநாடிக்குள் பாய்ந்து நீளும். பொரித்த குஞ்சுக்கு அது முடியாது. இன்னொரு இனமான பெருந்துடுப்புக் கணவாயின் நீள்கையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், அதை நீட்டும் தசையில் வேகத்துக்கான குறுக்குவரிகள் தொடக்கத்தில் இருப்பதில்லை. சுமார் 3 வாரத்தில் தலைகாட்டி, 4-5 வாரத்தில் முழுதாகின்றன. நீள்கையை வீசிப் பிடிப்பதும் அப்போதுதான் ஆரம்பம். அதுவரை இரைமேல் உடலோடு பாய்ந்து, கைகளை விரித்து அமுக்கிப் பிடிக்கும்.

அதனால் தீனியை மாற்ற நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். வீசத் தொடங்கியதும் இறால் போன்ற சிறிய ஓட்டுமீனான மைசிட் கொடுக்கலாம், ஆனால் கோபிபாட்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. பின்தங்கிய குஞ்சு பட்டினி கிடக்கும், வளர்ந்த குஞ்சு அந்தப் பின்தங்கிய குஞ்சையே பிடித்துத் தின்னும். அளவு பார்த்துப் பிரித்து வையுங்கள்.

இதற்குள் உடல் நீண்டு கூம்பாகும், துடுப்பு அகலும், பாய்ச்சல் கூடும். சுவரில் மோதி வால் முனைத் தோல் கிழிவதும் இந்தக் கட்டத்தில்தான். வட்டத் தொட்டி நல்லது, சுவர் கண்ணுக்குத் தெரியும்படி கோடு போட்டிருந்தால் இன்னும் நல்லது.

மீன் அதன்பிறகு வரும் இரை. வாயிலுள்ள அலகு கெட்டியாகிக் கறுத்திருந்தாலும் மீனைத் துண்டு துண்டாகத்தான் கடிக்க முடியும். உணவுக்குழல் மூளையின் நடுவே போகிறது, பெரிய துண்டுக்கு அங்கே வழியில்லை.

வேறொரு இனமான ஹம்போல்ட் கணவாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் குஞ்சு 1 மி.மீ. அளவில் பொரிக்கிறது, இரண்டு நீள்கைகளும் ஒட்டி ஒரே தும்பிக்கையாக இருக்கும். அவை பிரிந்த பிறகுதான் வீசுகிற வேட்டைக்கே வாய்ப்பு.