2/12 என்றால் இரண்டு மாதம்

மகளின் பிள்ளைப்பேறு பார்க்க அமெரிக்கா, கனடா என்று போய்வருகிற அம்மாமார் திருகோணமலையில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். நானும் அப்படித்தான் 2018இல் நியூ ஜேர்சிக்குப் போனேன். அங்கே போட்ட ஃப்ளூ ஊசியால் என் வலது தோள் ஒன்றரை வருடம் முடங்கிப்போனது. அதற்காக அமெரிக்க அரசின் தடுப்பூசி நட்டஈட்டுத் திட்டத்தில் விண்ணப்பித்தேன். உவர்மலையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே அந்த வழக்கை நடத்தி 2023இல் முடித்தேன். "அது எப்படி ரீச்சர்?" என்று கேட்டவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். இது முழுக்கதை.

நான் தடுப்பூசிக்கு எதிரானவள் இல்லை. முப்பத்தொரு வருடம் படிப்பித்தவள். பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிற நாளில் அழுகிற பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள். இவ்வளவும் நடந்த பிறகும் கொரோனா ஊசிகளை இடது கையில் போட்டுக்கொண்டேன். எனக்கு வந்த கேடு ஊசி ஏறிய இடத்தால் வந்தது.

மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று கிழமை. குழந்தையைத் தூக்குகிற எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டால் நல்லது என்று அங்குள்ள பிள்ளை வைத்தியர் சொன்னார். ஒக்டோபரில் மருமகன் என்னை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனார். அந்த நாட்டில் மருந்துக்கடையிலேயே ஊசி போடுவார்கள். குளிருக்கு நான் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன். அதன் கை இறுக்கம், முழங்கைக்கு மேலே சுருட்ட வரவில்லை. ஊசி போட வந்த தம்பி சட்டையின் கழுத்துப் பக்கத்தைப் பிடித்துத் தோளுக்குக் கீழே இழுத்தார். நான் கதிரையில் இருக்க, அவர் நின்றபடியே போட்டுவிட்டார். கழுத்தால் இழுத்தால் தோளின் உச்சிதான் வெளியே வரும். தோள் முனையைத் தொட்டால் தட்டுப்படுகிற எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, தசை தடித்திருக்கிற இடத்தில்தான் ஊசி இறங்க வேண்டும். எனக்கு அந்த எலும்புக்குச் சரி கீழே இறங்கியது. தசைக்கும் மூட்டுக்கும் இடையில் உராயாமல் இருக்க மெல்லிய நீர்ப்பை ஒன்று இருக்கிறது. ஊசி மேலே ஏறினால் மருந்து அதற்குள் போய் அங்கே அழற்சி பிடிக்கும், பிறகு மூட்டே இறுகும் என்று பின்னாளில் எலும்பு வைத்தியர் படம் கீறிக் காட்டினார்.

அன்றிரவு பத்து மணிக்கு வலி தாங்காமல் தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன்: "ஊசி போட்ட வலது கை நெருப்பா எரியுது, தூக்க ஏலாமக் கிடக்கு." அந்த ஒரு வரி பின்னால் என்னைக் காப்பாற்றும் என்று அப்போது தெரியாது.

இரண்டு மாதம் பனடோலோடு சமாளித்தேன். விசிட் விசாவில் போனவள் அங்கே டொக்டரிடம் போனால் வருகிற பில்லை நினைத்தாலே பயம். மகளுக்கும் முழுதாகச் சொல்லவில்லை. குழந்தையை இடது கையால் தூக்கினேன். கொண்டை போட முடியவில்லை. மகள்தான் தலை வாரிப் பின்னிவிட்டாள். நான் அவளுக்குப் பத்தியம் சமைக்கப் போனவள், அவள் பச்சை உடம்போடு என் தலையை வாரினாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

டிசம்பரில் ஊர் வந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் சரியாகும் என்றார்கள், நாலு தரம் போய்க் குளித்தேன். வாளியைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் தங்கச்சிதான் ஊற்றினாள். கடைசியில் அவள்தான் என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார், தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. எப்போதிருந்து என்று கேட்டார். இரண்டு மாசம், ஊசி போட்ட நாளிலிருந்து என்றேன். கிளினிக் கொப்பியில் வலது தோள் வலி என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் 2/12 என்று போட்டார். ஊசியைப் பற்றி எழுதவில்லை. அன்று வெளியே எழுபது பேராவது காத்திருந்திருப்பார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு பிசியோதெரபி. 2019 பெப்ரவரியில் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி. கண்டிக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்தோம். சுவரில் விரல்களால் ஏறுகிற பயிற்சி ஒன்று தந்தார்கள். சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, கிழமைக்குக் கிழமை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தேன். சில மாதம் ஒரு அங்குலம்கூட ஏறவில்லை.

2020 நடுப்பகுதியில் மகளோடு வேலை செய்கிற ஒருவர், தனக்கும் இதே தோள் வலி வந்து அரசிடம் நட்டஈடு வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

அந்தத் திட்டம் 1986இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் வந்தது, 1988இல் நடைமுறைக்கு வந்தது. பணம் மருந்துக் கம்பனியின் கையிலிருந்து நேரே வருவதில்லை. திட்டத்துக்குள் வருகிற ஒவ்வொரு ஊசியிலும், அது தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் முக்கால் டொலர், அதாவது 75 சதம் வரி எடுத்து ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். ஃப்ளூ ஊசிக்கு 75 சதம். ஊசி போட்ட கடையை நேரே நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, முதலில் இந்தத் திட்டத்துக்குத்தான் வர வேண்டும். யாருடைய கவனயீனம் என்று நிரூபிக்கவும் தேவையில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதல். மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. அவருடைய வேலையைப் பறிக்க எனக்கு மனம் இருக்கவில்லை.

ஊசியால் வரும் தோள் காயம் 2017 மார்ச்சில்தான் அந்தத் திட்டத்தின் அட்டவணையில் ஏறியது. அட்டவணைக்குள் அடங்கினால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஊசிக்கு முன் அந்தத் தோளில் வலியோ அழற்சியோ இருந்திருக்கக் கூடாது. வலி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஊசி போட்ட தோளிலேயே அது நிற்க வேண்டும். வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. இவற்றோடு பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறி வந்து மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். நான் அமெரிக்கப் பிரசை இல்லையே என்று என் வழக்கை எடுத்த அமெரிக்கச் சட்டத்தரணியிடம் கேட்டேன். ஊசி அந்த நாட்டில் போடப்பட்டிருந்தால் போதும் என்றார் சட்டத்தரணி. அவருக்கு நான் ஒரு சதம் கொடுக்கவில்லை, அவர் கேட்கவும் சட்டம் விடாது. சட்டத்தரணியின் செலவை நீதிமன்றம் அந்த நிதியிலிருந்தே தனியாகக் கொடுக்கும். நியாயமான அடிப்படையோடு போட்ட வழக்கு தோற்றாலும் அது கிடைக்கும்.

கொரோனா ஊசிக்கு இது பொருந்தாது. அதற்கு வேறு திட்டம், ஒரு வருடம்தான் தவணை, சட்டத்தரணி செலவும் தரமாட்டார்கள். நம் நாட்டில் இதே காயத்துக்கு வழக்குப் போடுவதென்றால் மாவட்ட நீதிமன்றம்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கவனயீனத்தை நாமே நிரூபிக்க வேண்டும்.

எனக்கு மூன்று வருடம் முடிய மூன்று மாதம் இருக்கையில், 2021 ஜூலையில் வாஷிங்டனில் உள்ள கோர்ட் ஒஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸ் என்ற நீதிமன்றத்தில் மனு ஏறியது. எதிராளி அமெரிக்கச் சுகாதாரச் செயலாளர். ஜூரி கிடையாது, ஸ்பெஷல் மாஸ்டர் என்ற அதிகாரி தீர்ப்பார்.

அதற்கு முன் கடதாசி சேர்த்த ஒரு வருடம்தான் உண்மையான பாடு. சட்டத்தரணியின் ஆட்கள் ஆஸ்பத்திரிக் கோப்பின் அத்தாட்சிப் பிரதி கேட்டார்கள். இங்கே கிளினிக் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கும், அதுதான் கோப்பு என்று அவர்களுக்கு விளங்க வைக்கவே மூன்று அழைப்புகள் தேவைப்பட்டன. இரவு எட்டரைக்கு அழைப்பார்கள், அங்கே காலை பதினொரு மணி. மகளும் லைனில் இருப்பாள். சத்தியக் கடதாசிக்குச் சமாதான நீதவானிடம் போய் முத்திரை வைத்து அனுப்பினேன். அது தேவையில்லை, அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சட்டங்களின் கீழ் பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு இது உண்மை என்று எழுதித் திகதியோடு கையெழுத்து வைத்தால் போதும் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து கையெழுத்து வைப்பவர் அதில் அமெரிக்காவின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். முதல் தடவை நான் அதை விட்டுவிட்டு, திரும்ப எழுதினேன்.

எதிர்த்தரப்பின் அறிக்கை 2022 மேயில் வந்தது. மகள் வாசித்துச் சொல்லச் சொல்ல எனக்குக் கை நடுங்கியது. மூன்று ஆட்சேபனைகள்.

ஒன்று, மருந்துக்கடைப் பதிவில் இடது கை என்று இருந்தது. வலித்தது வலது கை. ஊசி போட்ட கையே வேறு என்றார்கள்.

இரண்டாவது, 2019 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை நான் பிசியோவுக்குப் போகவில்லை. ஆறு மாதம் ஆகும்போது வலி தீர்ந்திருக்கலாம் என்றார்கள். ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு. மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாள். பிறகு ஊரடங்கு, சோதனைச் சாவடிகள், ஆஸ்பத்திரி வாசலில் பையைத் திறந்து காட்ட வரிசை. கூட்டம் சேருகிற இடத்துக்குப் போக எங்கள் வீட்டில் யாருக்கும் துணிவு இருக்கவில்லை. நான் வீட்டிலேயே சுவரில் விரலேற்றிக்கொண்டு இருந்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ ஊரடங்கு பார்த்தவள். அதை ஒரு வெளிநாட்டு நீதிமன்றத்துக்குக் காரணமாக எழுதிக் கொடுக்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. சுவரில் பென்சில் கோடுகளுக்குப் பக்கத்தில் நான் திகதியும் போட்டிருந்தேன். அதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. என் தோள் வலி பெப்ரவரி 12ஆம் திகதி தொடங்கியது, அதாவது ஊசிக்கு எட்டு மாதம் முன்பே இருந்தது, இலங்கை வைத்தியரே அப்படி எழுதியிருக்கிறார் என்றார்கள். நான் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 2/12. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அவர்களுக்கு அது பெப்ரவரி 12. இங்குள்ள டொக்டர்மாருக்கு ஏழின் மேல் எழுதினால் நாள், ஐம்பத்திரண்டின் மேல் எழுதினால் கிழமை, பன்னிரண்டின் மேல் எழுதினால் மாதம். 2/12 என்றால் இரண்டு மாதமாக.

நான் சொன்னால் போதாது, எழுதியவரே சொல்ல வேண்டும் என்றார் சட்டத்தரணி. அந்த நாளில் எழுதிய எழுத்துக்கு, பிறகு நாம் சொல்கிற எந்தச் சொல்லையும் விட அந்த நீதிமன்றத்தில் நிறை அதிகம். டொக்டர் மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அது 2022 ஜூன், பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலம். தங்கச்சியும் நானும் விடியற்காலை பஸ்ஸில் நின்றபடியே போனோம். டொக்டர் கொப்பியைப் பார்த்ததும் தன் கையெழுத்து என்றார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, எங்களை முன்னால் இருத்திவைத்துக்கொண்டு கடிதத்தை எழுதினார். மூன்று குறியீடுகளையும் விளக்கி, அதே கொப்பியில் வேறு பக்கங்களில் தான் 3/7, 6/52 என்று மருந்துக்கு எழுதியதையும் சுட்டிக்காட்டினார். பன்னிரண்டு மாதத்தில் 52 என்று ஒரு நாள் கிடையாதே என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கை எது என்ற கேள்விக்குத் தங்கச்சியின் போன்தான் பதில் சொன்னது. என் போன் 2019இலேயே பழுதாகி, செய்திகள் எல்லாம் போய்விட்டன. அவளுடையதில் அந்த வரி அப்படியே இருந்தது. நான் நியூ ஜேர்சியில் இரவு பத்துக்கு அனுப்பியது இங்கே மறுநாள் காலை 7.30 என்று காட்டியது. அந்த நேர வித்தியாசத்தையும் விளக்கி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி அனுப்பினோம். வலது கை என்ற சொல்லும் அதில் இருந்தது, 48 மணித்தியாலமும் அதில் அடங்கியது.

2023 தொடக்கத்தில் ஸ்பெஷல் மாஸ்டர் எழுத்திலேயே முடிவு சொன்னார். நேரில் விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஊசி வலது கையில்தான், வலி அன்றே தொடங்கியது, ஆறு மாதம் கடந்தது. அதன் பிறகு எதிர்த்தரப்பு பொறுப்பை ஏற்றது, தொகை பேசித் தீர்ந்தது. வலிக்கும் துன்பத்துக்கும் சட்டம் வைத்திருக்கிற உச்சம் இரண்டரை லட்சம் டொலர். என்னுடையது அதற்கு வெகு கீழே, ஆனாலும் எனக்கு நிறைவு. காசோலை என் பெயருக்கே வந்தது.

கை இப்போது காதுக்கு மேலே ஏறும். கொடியில் துணி காயப்போடுவேன், தேங்காய் திருவுவேன். முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் வளையாது.

வழக்கு முடியும்வரை அந்தப் போனை எறிய வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். கண்ணாடி வெடித்து, பற்றரி ஊதிய அந்தப் போனைத் தங்கச்சி துணியில் சுற்றி அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருந்தாள். முடிஞ்சுது, இனி எறியடி என்றேன்.

"கிடக்கட்டும் அக்கா" என்றாள்.