பினாங்கில் ஒரு வெள்ளைக்கார அங்கிள் வீட்டில் ஐந்து நாள்

ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் அந்த டிரைவர் கதையை எழுதிவிடுகிறேன். நல்ல விஷயங்களுக்கு அப்புறம் வரலாம்.

கோலாலம்பூரில் பஸ் டிக்கெட் வாங்கும்போதே பினாங்குத் தீவுக்குள் இருக்கும் சுங்கை நிபோங் நிலையம் என்று கேட்டு வாங்கினேன். டிக்கெட்டிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. ஏசியைக் குறைக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டும் பயனில்லை. பல் நடுங்க ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்தால், இரவு எட்டு மணிக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலேயே எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். தீவுக்கு மூன்று பேர்தான் இருக்கிறார்களாம், அதனால் பஸ் போகாதாம். பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். டிரைவர் என் முகத்தைப் பார்க்காமலேயே கதவைச் சாத்தினார்.

பையை எடுத்துக்கொண்டு நின்றதுமே ஒருவர் வந்துவிட்டார். "பெரி நின்னு போச்சு, பாலம் வழியா கொண்டு போய் விடறேன், 60 வெள்ளி" என்றார். பெரி என்றால் தீவுக்குப் போகும் படகு. மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வெள்ளி நமக்கு ஏறத்தாழ 20 ரூபாய். அப்படியானால் 1,200 ரூபாய்! என் ஐந்து நாள் செலவுக்கு நான் ஒதுக்கியதே 400 வெள்ளி. தயங்கி நின்றபோது, பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா குரல் கொடுத்தார்: "தம்பி, பெரி ஓடுது. நேரா நடந்து போங்க." நடந்து போனேன். பெரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டணம் 2 வெள்ளி. கார்டைத் தட்டிவிட்டு ஏறினேன். காற்று முகத்தில் அடிக்க, எதிரே தீவின் நகரமான ஜார்ஜ் டவுன் விளக்குகள் கிட்ட வந்துகொண்டே இருந்தன. இருட்டில் தனியாக நிற்கும் வெளியூர்க்காரனிடம் பொய் சொல்லி 58 வெள்ளி கூடுதலாகப் பிடுங்கப் பார்ப்பது பச்சைத் திருட்டு. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லாமல் ஓடி வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

அக்கரையில் அங்கிள் காத்திருந்தார். பல வருடங்களுக்கு முன் நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்த்தபோது என்னுடைய மூத்த சக ஊழியர். ஓய்வு பெற்றதும் மனைவியோடு பினாங்கில் குடியேறிவிட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட்டாலும் அங்கே யாருக்கும் தெரியாது. கடைக்காரர், காவலாளி, பக்கத்து வீட்டுக் குழந்தை, எல்லாருக்கும் அவர் அங்கிள், அவர் மனைவி ஆண்ட்டி. முதுகுக்குப் பின்னால் சீனர்களுக்கு 'ஆங் மோ', மலாய்க்காரர்களுக்கு 'மாட் சாலே', நம் ஆட்களுக்கு வெள்ளைக்காரர். மூன்றும் அவருக்குத் தெரியும். மூன்றையும் சரியான உச்சரிப்போடு சொல்லிக் காட்டினார்.

விசா, பஸ், தங்குமிடம் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். விசா விஷயம் ஒரே வரிதான்: 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், புறப்படும் முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். தங்குமிடம் அங்கிள் வீட்டு உபரி அறை. சரி, சாப்பாட்டுக்குப் போவோம்.

பினாங்கில் காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருக்கிறது. 1982-ல் மலேசியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் சூரியன் ஏழேகாலுக்குத்தான் எட்டிப்பார்க்கும். அங்கிளுக்கு இது பெரிய சந்தோஷம். லீட்ஸில் டிசம்பர் மாதம் மாலை நாலு மணிக்கெல்லாம் இருண்டுவிடும். இங்கே வருடம் முழுக்க ஏழு மணிக்கு மேல்தான் அந்தி. "என் வாழ்க்கையில் தினமும் மூன்று மணி நேரம் கூடியிருக்கிறது" என்றார்.

அந்த இருட்டிலேயே மாமாக் கடைக்குக் கிளம்பிவிடுவார். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளுக்கு அங்கே அப்படித்தான் பெயர். கல்லாவில் இருந்த பாய்க்குக் கடையநல்லூர். எங்களைப் பார்த்ததும் "அங்கிள், பசியாறியாச்சா?" என்றார். காலை உணவைப் 'பசியாறுதல்' என்று சொல்வதை அங்கேதான் கேட்டேன். எவ்வளவு அழகான சொல்! நாம் ஏன் டிபனுக்கு மாறினோம்? அங்கிள் "இன்னும் இல்லே பாய்" என்று தமிழிலேயே பதில் சொன்னார். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அடுத்து அவர் டீ கேட்ட விதத்தை எழுதியே ஆக வேண்டும். 'தே தாரே' என்றால் கெட்டிப்பாலில் ஆற்றிய டீ. 'தே ஓ' பால் இல்லாதது. 'தே சி' டப்பாவில் வரும் ஆவியாக்கிய பால் சேர்த்தது. 'கோசோங்' என்றால் சீனி வேண்டாம், 'குராங் மானிஸ்' என்றால் சீனி குறைவு, 'ஐஸ்' என்றால் ஐஸ், 'பூங்குஸ்' என்றால் பார்சல். இதையெல்லாம் ஒட்டவைத்து "தே சி குராங் மானிஸ்" என்று ஒரே மூச்சில் சொல்கிறார். டீக்கு உயிரை விடும் நாட்டிலிருந்து வந்தவர், வீட்டில் இருக்கும் டீப்பைகளைத் தொட்டு வருடக்கணக்கில் ஆகிறதாம். ஆண்ட்டி மட்டும் மாலை நாலு மணிக்குப் பழையபடி கெட்டிலில் டீ போட்டுக்கொள்கிறார்.

மதியம் நாசி கண்டார். பெயரிலேயே நம் காவடி இருக்கிறது. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் ஒரு கழியைப் போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை தொங்கவிட்டு விற்றிருக்கிறார்கள். அந்தக் கழிதான் கண்டார். அங்கிள் தட்டை நீட்டி "பஞ்சிர்" என்றார். மலாயில் வெள்ளம் என்று பொருள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் சோறு மூழ்கும்படி மாறி மாறி ஊற்றினார்கள். நம் ஊரில் இப்படி எல்லாக் குழம்பையும் ஒன்றாகக் கலந்தால் அம்மா திட்டுவாள். இங்கே அந்தக் கலவைதான் ருசியே. வெண்டைக்காய், அவித்த முட்டை, பொரித்த கோழியோடு 13 வெள்ளி ஆயிற்று. ஓர் எச்சரிக்கை: விலை கேட்காமல் பெரிய இறாலையோ மீன் முட்டையையோ கைகாட்டாதீர்கள். பக்கத்து மேசையில் நம் ஊர்க் குடும்பம் ஒன்று பில்லைப் பார்த்து வாயடைத்துப்போனதை நேரில் பார்த்தேன்.

மறுநாள் ஆயர் ஈத்தாமில் அசாம் லக்சா. புளி, மீன், இஞ்சிப்பூ மொட்டு, மேலே ஒரு கரண்டி கறுப்பு இறால் கூழ். முதல் கரண்டியில் மீன் வாடை தூக்கியது, மூன்றாவது கரண்டியில் கிண்ணத்தை விட மனமில்லை. நம் மீன் குழம்பில் அரிசிச் சேவையைப் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்டியின் சமையலறையில் ஓர் ஆச்சரியம். மார்மைட் என்று ஒரு கறுப்புப் பசை உண்டு. பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து 1902 முதல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தில் செய்கிறார்கள். அங்கே அதை ரொட்டியில் தடவுவதோடு சரி. மலேசியச் சீனர்கள் அதில் தேன் சேர்த்துப் பொரித்த கோழியைப் புரட்டி 'மார்மைட் கோழி' என்று ஒரு தனி உணவையே உருவாக்கிவிட்டார்கள். கீழ்வீட்டுச் சீன அம்மாதான் ஆண்ட்டிக்குக் கற்றுக்கொடுத்தாராம். பிறந்த ஊரின் பண்டத்தைப் புதிய ஊரில் கற்றுக்கொண்டு வந்து எனக்குப் பரிமாறினார். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே இதற்குத்தான் முதலிடம். நாசி கண்டார் இரண்டாவது.

இந்த வாழ்க்கை முழுக்க இனிப்பு என்று நினைக்க வேண்டாம். ஈரம் எல்லாவற்றையும் தின்கிறது. தோல் செருப்பு, பெல்ட், புத்தக அட்டை, எதிலும் பச்சைப் பூஞ்சை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ராப்பகலாக ஓடுகிறது, அதன் தண்ணீர்த் தொட்டியைக் காலையும் மாலையும் கொட்டுவது அங்கிளின் வேலை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வந்துவிடும். நான் இருந்தபோது எதிர் மரத்துக்கு ஒரு கூட்டமே வந்தது. கரும் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தாயின் வயிற்றைப் பற்றியபடி ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி! ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தேன். அன்று போவதாக இருந்த சுவரோவியத் தெருவுக்குப் போகவில்லை, வருத்தமும் இல்லை.

பணக் கவலையும் அவர்களுக்கு உண்டு. எனக்கு இது புதுச் செய்தி. மலேசியாவில் குடியேறும் பிரிட்டிஷ்காரருக்கு அரசு ஓய்வூதியம் வந்தபோது இருந்த அளவிலேயே நின்றுவிடும், வருடாந்திர உயர்வு கிடையாது. அதே ஆள் மொரிஷியஸுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ போயிருந்தால் உயர்வு உண்டு. 40 வருடம் ஒரே வரியைக் கட்டியவர்களை இப்படிப் பிரிப்பது அநியாயம். அங்கிள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மாதச் செலவுத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. மின்சாரம், வாடகை, மருந்து. மாமாக் கடைக்குத் தனி வரி. அந்த வரியை மட்டும் குறைப்பதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.

வாரம் ஒருநாள் அவர் ஹாஷ் ஓட்டத்துக்குப் போகிறார். 1938-ல் கோலாலம்பூரில் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய பழக்கம், இன்று உலகமெங்கும் இருக்கிறது. 'முயல்' என்று ஒருவர் முன்னால் போய்க் காட்டுக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வழி வைப்பார். மற்றவர்கள் தேடிக்கொண்டே ஓட வேண்டும். வழியில் பொய்த் தடங்களும் உண்டு. சரியான தடம் கிடைத்தவர் "ஆன் ஆன்!" என்று கத்துவார். நானும் போனேன். சீனர், மலாய்க்காரர், தமிழர், நாலைந்து வெள்ளைக்காரர்கள். ரப்பர் தோட்டம், சேறு, அட்டை, திடீர் மழை. 69 வயது அங்கிள் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். முடிவில் எல்லாரும் வட்டமாக நின்று பாட்டுப் பாடி பீர் குடிக்கிறார்கள். எனக்கு எலுமிச்சை டீ கிடைத்தது.

பினாங்கு மலை ரயிலுக்கு வெளிநாட்டவருக்கு 30 வெள்ளி, உள்ளூர்க்காரருக்கு 12. 1923-ல் ஓடத் தொடங்கிய ரயில், பார்க்க வேண்டியதுதான். ஆனால் 600 ரூபாய் எனக்கு வலித்தது. தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் 5 கிலோமீட்டர் நடந்தே ஏறினோம். செங்குத்தான தார்ச்சாலை, இரண்டே முக்கால் மணி நேரம். மேலே காற்று சில்லென்று இருந்தது, கீழே கடலும் இரண்டு பாலங்களும் தெரிந்தன. முட்டி நன்றாக இருந்தால் இதையே செய்யுங்கள்.

கடற்கரைக்காக மட்டும் பினாங்குக்குப் போகாதீர்கள். பத்து ஃபெரிங்கியில் தண்ணீர் கலங்கல், ஜெல்லி மீன் பயம் வேறு. திருச்செந்தூரில் குளித்தவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. அங்கிளே கடலில் இறங்கி மூன்று வருடம் ஆகிறதாம்.

கடைசி நாள் டுரியான். ஜூலை என்பதால் பாலிக் புலாவ் பக்கம் சாலையோரம் எல்லாம் குவியல். மூசாங் கிங் என்ற ரகத்தின் விலையைக் கேட்டதும் பின்வாங்கினேன். அங்கிள் ஆங் ஹே என்ற ரகத்தைத் தட்டிப்பார்த்து எடுத்தார். ஆரஞ்சு கலந்த சதை, வெண்ணெயைப் போல நாக்கில் கரைந்து, கடைசியில் லேசாகக் கசந்தது. ஆண்ட்டி வாசனை பொறுக்காமல் காரை விட்டு இறங்கவில்லை. பழம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். அதனால் அங்கிள் வருடா வருடம் சாலையோரத்திலேயே நின்று தின்றுவிட்டு வருகிறார்.

ஐந்து நாளில் மொத்தம் 362 வெள்ளி செலவு. திரும்பும்போது பெரிக்குக் காசே வாங்கவில்லை, தீவிலிருந்து வெளியேறும் பக்கம் இலவசம். ஆண்ட்டி ஜாதிக்காய் ஊறல் ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்தார். படகுத்துறையில் அங்கிள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தைப்பூசத்துக்குக் கண்டிப்பாக வர வேண்டும் என்றார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. போகும் வழியில் பாய் கடைக்குப் பக்கத்துத் தமிழர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் அவர் நான்கு வருடமாக மோர் ஊற்றுகிறாராம். "ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கை வலிக்கிறது தம்பி, ஓர் ஆள் கூட இருந்தால் நல்லது" என்றார். ஜனவரி டிக்கெட் விலையை நேற்றிரவே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.