பெரியப்பாவின் ரேடியோகிராம்

ஜூன் 1, 2025, ஞாயிறு

பெரியப்பாவின் ரேடியோகிராம், அதாவது ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் ஒன்றாக உள்ள பெட்டி, கும்பகோணத்திலிருந்து டாடா ஏஸில் வந்து இறங்கியது. பெரியப்பாவின் வருஷாப்தீகம் முடிந்ததும் பெரியம்மா வீட்டைக் காலி செய்கிறார். "இந்தக் கிறுக்கு உனக்குத்தான் இருக்கு, நீயே எடுத்துக்கோ" என்று போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

தேக்குப் பெட்டி. மூடியைத் தூக்கினால் ஒரு பக்கம் ரேடியோ டயல், மறுபக்கம் இசைத்தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் கேரார்டு ரெக்கார்ட் சேஞ்சர். சிற்றலை வரிசைக்கு நேராக மரச்சட்டத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் 'கொழும்பு' என்று பெரியப்பாவின் கையெழுத்து; இலங்கை வானொலி கேட்ட இடம். அதன் மேல் பாலிஷ் போடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன்.

உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு புளூடூத் போர்டு மாட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். அதற்கு ஒரு செருப்பு அலமாரி போதுமே!

ஜூன் 7, சனி

பின்பலகையைக் கழற்றினேன். பல்லி முட்டை ஓடுகள், கைப்பிடி தூசி. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் எந்தப் புண்ணியவானோ தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார். நேராக பிளக்கில் செருகியிருந்தால் டிரான்ஸ்பார்மர் புகைந்திருக்கலாம்.

டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழல்களான வால்வுகளைவிட எனக்குப் பயம், மின்னூட்டத்தைத் தேக்கும் காகிதக் கண்டன்சர்கள் மேல்தான். மெழுகு உருகி வழிந்து கிடக்கிறது. ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 வால்வுக்கு முன்னால் ஒன்று உண்டு: முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, பாட்டை மட்டும் விட வேண்டும். அது கசிந்தால் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, உள்ளே தகடு சிவக்கச் சிவக்க எரிந்துபோகும். ஓடுகிறதா என்று சும்மா போட்டுப் பார்ப்பதெல்லாம் இந்த வயது செட்டில் வேண்டாம்.

ஜூன் 14, சனி

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு. சிசிடிவி கேமராவும் மொபைல் உதிரியும்தான் எங்கும். சந்துக்குள் ஒரு பெரியவரிடம் 400 வோல்ட் பாலியஸ்டர் கண்டன்சர்கள் கிடைத்தன. "வால்வு செட்டா? பெரிய கண்டன்சரை டிஸ்சார்ஜ் பண்ணாம கைய வைக்காதீங்க தம்பி" என்று அவராகவே சொன்னார். கண்டன்சரைவிடத் தேடி அலைய வைத்தது 100 வாட் குண்டு பல்புதான். எல்லாக் கடையிலும் எல்இடியை நீட்டுகிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கண்டன்சர்களை மாற்றி, முறையான ஃபியூஸ் போட்டு, மின்சாரம் குண்டு பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி சீரீஸில் இணைத்து ஸ்விட்சைத் தட்டினேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். பளிச்சென்று எரிந்தது, அப்புறம் மெல்ல மங்கியது. சரி, பிழைத்தோம். வால்வுகள் சூடேறியதும் ஒரு உறுமல், பிறகு மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி. கூடத்து எல்இடி விளக்கை அணைத்ததும் பாதி இரைச்சல் போய்விட்டது.

பென்சில் கோட்டுக்கு முள்ளை நகர்த்திப் பார்த்தேன். வெறும் இரைச்சல். எதிர்பார்த்ததுதான்.

ஜூன் 22, ஞாயிறு

சேஞ்சரின் கிரீஸ் பிசினாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து எடுப்பதற்குள் மதியமாகிவிட்டது. தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் கண்ணாடியாய் வழுக்கியது. நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் பிடிமானம் வந்தது.

ஊசியைத் திருப்ப ஒரு சின்னப் பிடி இருக்கிறது. ஒரு பக்கம் நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகளுக்கு, மறுபக்கம் பின்னால் வந்த எல்பி எனும் நெடுநேரத் தட்டுகளுக்கு. 78-இன் பள்ளம் அகலம் என்பதால் அதன் ஊசி முனை மூன்று மடங்கு பருமன். மாற்றிப் போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அரக்குத் தட்டு ஒன்றை வைத்தேன், நாதஸ்வரம். அந்தப் பெரிய ஸ்பீக்கரில் தவில் விழும்போது மூடி அதிர்கிறது. போனை அருகில் வைத்து பெரியம்மாவுக்குக் கேட்க விட்டேன். "இவ்வளவு சத்தமா வைக்காதே, பக்கத்து வீட்டுக்காரங்க வந்துடுவாங்க" என்றார்.

எல்பி பக்கத்து ஊசி தேய்ந்துவிட்டது. புதிதுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வரும் வரை பெரியப்பாவின் எல்பிகள் பெட்டியிலேயே இருக்கட்டும். தேய்ந்த ஊசியால் அவற்றை உழ எனக்கு மனசில்லை.