பழைய டிஷ்வாஷர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்

எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு வருகிறவர்கள் அங்கே இருக்கும் பழைய டிஷ்வாஷர்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "இதெல்லாம் ஓடுமா?" என்பதுதான். ஓடும். எல்லாமே ஓடும். முறை வைத்து ஒவ்வொன்றையும் ஓட்டுகிறேன், அதுவும் வெறும் தண்ணீர் விட்டு இல்லை, அன்றைக்குச் சாப்பிட்ட தட்டும் சமைத்த பாத்திரமும் போட்டு. பழைய டிஷ்வாஷர் சேர்க்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பலர் மெஷினைத் துடைத்து, குரோமியத்தைப் பளபளப்பாக்கி, பார்வைக்கு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மோட்டாரின் தண்டு தொட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது: கார்பன் வளையம் ஒன்று, பீங்கான் வளையம் ஒன்று, இரண்டையும் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், சுற்றி ரப்பர். ஈரம் இருக்கிறவரை அது ஒழுங்காக வேலை செய்யும். மாதக்கணக்கில் காயவிட்டால் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும், ரப்பர் இறுகிவிடும், மறுபடி ஓட்டும் நாளில் தண்ணீர் நேராக மோட்டாரின் தலையிலேயே சொட்டும். கதவு கேஸ்கெட், ஹோஸ், தண்ணீர் வால்வு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கண்காட்சிக்கு வைத்த மெஷின்தான் சீக்கிரம் சாகிறது.

நான் இருப்பது ஒஹையோவில், டேட்டன் பக்கம். டிஷ்வாஷர் பைத்தியம் பிடித்தவனுக்கு இதைவிட நல்ல ஊர் அமைவது கஷ்டம். வடக்கே கொஞ்ச தூரத்தில் ட்ராய் என்ற சின்ன ஊர், ஹோபார்ட் கம்பெனியின் ஊர். ஓட்டல் சமையலறைக்கான மிக்சர்களும் பாத்திரம் கழுவும் மெஷின்களும் செய்து பெயர் வாங்கியவர்கள், கிச்சன்எய்ட் என்ற பெயரை உருவாக்கியவர்களும் அவர்கள்தான். மேற்கே இண்டியானாவுக்குள் போனால் கானர்ஸ்வில். அங்கே டி அண்ட் எம் என்ற நிறுவனம், பல கடைகளின் பல பிராண்டு பெயர்களில், சியர்ஸின் கென்மோர் உட்பட, டிஷ்வாஷர் செய்து தள்ளியது. அதை நடத்திய சாம் ரீகன்ஸ்ட்ரீஃபின் பணத்தில் வந்ததுதான் இண்டியானாபொலிஸில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான ரீகன்ஸ்ட்ரீஃப் இன்ஸ்டிடியூட். தெற்கே கென்டக்கியின் லூயிவில்லில், ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) கட்டிய பெரிய தொழிற்சாலை வளாகம், அப்ளையன்ஸ் பார்க். ஆக, இந்தப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை விற்கும்போதோ, சமையலறையைப் பிரித்து மாற்றும்போதோ ஏதாவது ஒரு நல்ல மெஷின் வெளியே வந்துவிடும். எஸ்டேட் சேல் (வீட்டுக்காரர் இறந்தபின் சாமான்களை விற்பது), ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், சில சமயம் தெருவோரம்.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தவை ஹோபார்ட் செய்த கிச்சன்எய்ட்கள். இவற்றின் வம்சம் நேராக ஜோசஃபின் காக்ரனிடம் போய் நிற்கும். இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊர்க்காரர். 1883இல் கணவர் கடனை விட்டுவிட்டு இறந்துபோக, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் மெக்கானிக் ஒருவரை வைத்துக்கொண்டு மெஷினைச் செய்தார். 1886 டிசம்பர் 28 அன்று பேட்டன்ட் கிடைத்தது. அதற்கு முன்னாலும் பாத்திரம் கழுவும் கருவிக்குப் பேட்டன்ட் வாங்கியவர்கள் உண்டு, ஆனால் அவர் செய்த காரியம் வேறு: தட்டின் அளவு, கோப்பையின் அளவு பார்த்துக் கம்பியில் அறைகள் வளைத்து, பாத்திரத்தை அசையாமல் நிறுத்தி, சூடான சோப்புத் தண்ணீரை வேகமாக அதன்மேல் பாய்ச்சினார். இன்றைக்கு எந்த டிஷ்வாஷரைத் திறந்தாலும் இதுதான் இருக்கிறது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய மெஷின்கள் அங்கிருந்த உணவகங்களில் ஓடின. ஓட்டல்கள் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை, ஏனென்றால் அவ்வளவு வெந்நீர் எந்த வீட்டில் இருந்தது? அவர் 1913இல் காலமானார். 1926இல் அவருடைய கம்பெனியை ஹோபார்ட் வாங்கியது, 1949இல் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு டிஷ்வாஷர் வந்தது. வீட்டுப் பெண்களுக்காக அவர் யோசித்த பொருள் வீட்டுக்கு வந்துசேர அவர் இறந்து முப்பத்தாறு வருஷம் ஆயிற்று. இது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

வீட்டு மாடல்களிலும் ஹோபார்ட் ஓட்டல் மெஷின் புத்தியை விடவில்லை. உள்தொட்டி இரும்புத் தகடு, அதன்மேல் பீங்கான் பூச்சு. கனமான மோட்டார். காயவைக்கத் தனியாக விசிறி வைத்துச் சூடான காற்றை உள்ளே ஊதுவார்கள். மாடல் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: கேடிஎஸ் என்றால் சுப்பர்பா, கேடிஐ என்றால் இம்பீரியல், கேடிசி என்றால் கஸ்டம். பின்னால் வரும் இரண்டு இலக்கம் தலைமுறை, 15ஐவிட 18 புதியது. 1986இல் கிச்சன்எய்ட் வேர்ல்பூலின் கைக்குப் போனது. சேர்ப்பவர்கள் "ஹோபார்ட் கிச்சன்எய்ட்" என்று அழுத்திச் சொல்வது அதற்கு முந்தைய மெஷின்களைத்தான்.

சரி, பழையதில் அப்படி என்ன இருக்கிறது? எனக்கு முதல் பதில் டைமர். கதவில் ஒரு குமிழ், அதன் பின்னால் பல்வெட்டு வைத்த பிளாஸ்டிக் உருளை, ஒரு சின்ன மோட்டார் அதை மெதுவாக நகர்த்த நகர்த்தத் தொடர்புகள் ஒட்டும், விலகும். டக் என்று ஒரு சத்தம், தண்ணீர் வால்வு திறக்கும். இன்னொரு டக், பம்ப் பிடிக்கும். என்ன கோளாறு என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரும் சர்க்யூட் படமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உறுதியும் செய்துகொள்ளலாம். சர்க்யூட் படம் பெரும்பாலும் கதவுத் தகட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருப்பார்கள். நான் முன்பு வாங்கிய ஒரு புது மெஷினில் (எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்) கன்ட்ரோல் போர்டு போய்விட்டது. அந்தப் போர்டின் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது மெஷினே வாங்கலாம் என்றார்கள். பழைய டைமரும் தேயும்தான், உதிரிக்கு இன்னொரு பழைய மெஷினைத்தான் பிரிக்க வேண்டும், ஆனால் தொடர்பைச் சுத்தம் செய்து பல வருஷம் ஓட்ட முடிகிறது.

இன்னொரு விஷயம் தண்ணீரை வீசும் விதம். 1940, 50களின் பல மெஷின்களில் சுழலும் கை கிடையாது. அடியில் மிக்ஸி பிளேடு மாதிரி ஒரு இம்பெல்லர், அது தேங்கியிருக்கும் தண்ணீரை அப்படியே வாரி மேலே அடிக்கும். சத்தம் பயங்கரம். பம்பு அழுத்தத்தில் சுழலும் கை வந்தபிறகுதான் மேல் தட்டு ஒழுங்காகக் கழுவப்பட்டது. ஜி.இ.யின் மொபைல் மெய்ட் என்று சக்கரம் வைத்த வகை ஒன்று உண்டு, குழாயில் மாட்டிக்கொண்டு ஓட்டிவிட்டு ஓரமாகத் தள்ளிவைக்கலாம், வாடகை வீட்டுக்காரர்களுக்கு வசதி. வெஸ்டிங்ஹவுஸ் மேஜை டிராயர் மாதிரி முழுத் தொட்டியையும் வெளியே இழுக்கும்படி செய்தார்கள். தார் ஆட்டோமேஜிக் என்று ஒன்று, உள்தொட்டியை மாற்றினால் அதே மெஷின் துணியும் துவைக்கும், பாத்திரமும் கழுவும்! அது மட்டும் என் கையில் இன்னும் சிக்கவில்லை.

நம் வீட்டுப் பாத்திரத்துக்கு வருவோம், என் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். எவர்சில்வர் தாராளமாகப் போடலாம். சாம்பார் குண்டான், இட்லித் தட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கரண்டி, எல்லாம் பிரமாதமாக வரும். அலுமினிய குக்கரைப் போடாதீர்கள், டிஷ்வாஷர் பொடியின் காரம் பட்டதும் கறுத்துவிடும். பித்தளை, செம்பு வேண்டாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். உயரமான பாத்திரத்தை நடுவில் நிறுத்தினால் மேலே தண்ணீர் போகாது, ஓரத்தில் சாய்த்துக் கவிழ்க்க வேண்டும். காய்ந்த பருப்பும் சோற்றுப் பசையும்தான் உண்மையான சோதனை. ஓட்டுவதற்கு முன்னால் சிங்க் குழாயைத் திறந்து, வெந்நீர் வருகிறவரை விட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். பழைய மெஷின்கள் உள்ளே வரும் தண்ணீரே 60 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டவை. இப்போது அமெரிக்க வீடுகளில் ஹீட்டரை 49 டிகிரிக்கு வைக்கச் சொல்கிறார்கள். குழாயில் ஆறிப்போய் நிற்கும் தண்ணீர் முதலில் உள்ளே போனால் அந்தக் கழுவலே வீண்.

அடுத்தது பொடி. இதில் சேர்ப்பவர்களுக்குள்ளேயே சண்டை. பழைய பொடிகளில் பாஸ்பேட் இருந்தது, குளோரின் பிளீச்சும் இருந்தது. தண்ணீரின் கடினத்தன்மையை பாஸ்பேட் பார்த்துக்கொள்ளும், மஞ்சள் கறையை பிளீச் பார்த்துக்கொள்ளும். 2010 ஜூலையில் ஒஹையோ உட்படப் பதினாறு மாநிலங்கள் வீட்டு டிஷ்வாஷர் பொடியில் பாஸ்பேட்டைத் தடுத்தன, கம்பெனிகள் நாடு முழுக்கவே எடுத்துவிட்டன. இப்போது வருவது என்சைம் பொடி. மாவுச்சத்தையும் புரதத்தையும் என்சைம் நன்றாக அறுக்கும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். பழைய மெஷின் ஒரு கழுவலைச் சில நிமிஷங்களில் முடித்துத் தண்ணீரை வெளியேற்றிவிடும். அதனால் பலர் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்ற பாஸ்பேட்டைத் தனியாக வாங்கிக் கலக்கிறார்கள். நான் கலப்பதில்லை, ஏரிக்குப் போனால் பாஸ்பேட் பாசிக்கு உரமாகிவிடும். 2014 ஆகஸ்டில் டொலிடோவில் ஈரி ஏரியின் பாசி நஞ்சு குடிநீரில் வந்து லட்சக்கணக்கானவர்கள் குழாயைத் திறக்க முடியாமல் நின்றார்கள். அதற்குப் பெரிய காரணம் வயல் உரம்தான், டிஷ்வாஷர் இல்லை. இருந்தாலும், இதே மாநிலத்தில் இருந்துகொண்டு என் பொழுதுபோக்குக்காகப் பாஸ்பேட்டைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை. பதிலுக்கு நான் செய்வது: என்சைம் பொடியைப் போட்டு, முதல் கழுவல் நடக்கும்போது குமிழைக் கையால் பின்னுக்குத் திருப்பி அதே தண்ணீரில் இன்னொரு முறை சுற்றவிடுவது. உங்கள் மாடலின் டைமர் பின்பக்கம் திரும்ப அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிலவற்றில் திருப்பினால் உடையும். இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் ரொம்பக் கடினம், அதனால் வாட்டர் சாஃப்ட்னர் அவசியம். படிந்த சுண்ணாம்பை எடுக்கச் சிட்ரிக் அமிலம் போட்டு வெறுமனே ஒரு முறை ஓட்டுவேன்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, மெஷின் ஒவ்வொரு தடவை தண்ணீரைக் கொட்டும்போதும், "ஏண்டா, நாலு தட்டு கழுவ இவ்வளவு தண்ணியா?" என்றார். நியாயமான கேள்வி. டிரெயின் ஹோஸை வாளியில் விட்டு அளந்தோம், நாற்பது லிட்டர் பக்கம் வந்தது. 2013இல் இங்கே சாதாரண அளவு டிஷ்வாஷர் ஒரு ஓட்டத்துக்கு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல புது மெஷின் 12 லிட்டரிலேயே முடித்துவிடும். தண்ணீர்க் கணக்கில் பழையது தோற்றுவிட்டது, இதை மழுப்புகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அன்றிலிருந்து தட்டை முன்கூட்டிக் குழாயில் அலசுவதை வீட்டில் நிறுத்திவிட்டோம், மெஷின் நிரம்பாமல் ஓட்டுவதும் இல்லை. கடைசி அலசல் தண்ணீர் கோடையில் வாளியில் பிடிக்கப்பட்டு வாசல் தோட்டத்துக்குப் போகிறது. அது அம்மா ஏற்படுத்திய பழக்கம்.

சென்னைக்கு ஒன்று எடுத்துப் போகலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். 120 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வைத்துவிடலாம், ஆனால் டைமர் மோட்டார் 60 ஹெர்ட்ஸை நம்பி ஓடுவது. அங்கே 50 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேர ஓட்டம் 72 நிமிஷமாக நீளும், வால்வும் அதே கணக்கில் அதிக நேரம் திறந்திருக்கும், பம்ப் மோட்டாரோ வேகம் குறைந்து சூடாகும்.

வாங்கப் போகிறவர்கள் டார்ச் எடுத்துப் போங்கள். பீங்கான் தொட்டியில் சில்லு பெயர்ந்து ஓட்டை விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். தட்டுக் கூடையின் கம்பி துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, சுரண்டிவிட்டு வினைல் பூச்சு பூசலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். வயரின் மேலுறை நொறுங்குகிறதா என்று பாருங்கள், எர்த் இணைப்பு இருக்கிறதா பாருங்கள், சந்தேகம் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்பு இல்லாமல் ஓட்ட வேண்டாம். தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கும் பழைய சாமான் இது, ஓடும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். தூங்கப் போகும்போது போட்டுவிட்டுப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஒஹையோ, இண்டியானா, கென்டக்கி பக்கம் வீடு வாங்கி சமையலறையைப் பிரிக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய டிஷ்வாஷரைக் கழற்றிக் குப்பை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் கதவைத் திறந்து ஓரத்தில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். ஹோபார்ட் என்று இருந்தால் ஹோஸை அறுக்கச் சொல்லாதீர்கள், திருகைக் கழற்றச் சொல்லுங்கள், கூடையையும் கரண்டிப் பெட்டியையும் உள்ளேயே வையுங்கள். எனக்கு ஒரு வரி எழுதினால் வேனோடு வந்துவிடுகிறேன்.