பரங்கிமலை: படி வழியாக ஏறுங்கள்

சென்னைக்காரர்கள் பலருக்கும் பரங்கிமலை என்றால் மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறும் இடம், அவ்வளவுதான். குன்றுக்கு வருபவர்களிலும் பாதிப்பேர் காரில் சுற்றிச்சென்று, கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் படி வழியாகத்தான் ஏற வேண்டும். ஏறத்தாழ 300 அடி உயரம்தான். மூச்சு வாங்கினால் நின்று ஊரைப் பார்க்கலாம்.

அந்தப் படிகளை அமைத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே.

மேலே போர்த்துகீசியர் 1523-இல் எழுப்பிய தேவாலயம். புனித தோமையார் உயிர்நீத்த இடம் இது என்பது நம்பிக்கை. பீடத்தை ஒட்டிய சுவரில் 1547-இல் கிடைத்த கற்சிலுவை இருக்கிறது. சற்றுக் கிட்டே போய்ப் பாருங்கள்: உச்சியில் தலைகீழாக இறங்கும் புறா, சுற்றிலும் வளைந்தோடும் பஹ்லவி எழுத்துகள். பழைய பாரசீகத்தின் எழுத்து பல்லாவரத்துக்குப் பக்கத்தில்!

வெளியே வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலை. யாரோ வெள்ளைக்காரர் என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இந்த மலையில் மிகப் பிடித்தவர் இவர்தான். 1802 ஏப்ரலில் இங்கே தொடங்கி பெரும்பாக்கம் நோக்கி ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்தார். கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. நம் கோடை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, வெப்பத்தில் நீண்டதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார். அந்த ஒற்றைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த நில அளவைப் பணிதான் பிற்காலத்தில் இமயமலை வரை போனது. இன்று அதே திசையில் பார்த்தால் கட்டடங்கள்தான் தெரிகின்றன. மறுபக்கம் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குகின்றன.

அடிவாரம் வேறு உலகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக இருந்த கன்டோன்மென்ட் இது. இப்போது ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமி இருக்கிறது. ராணுவ நிலம் என்பதாலேயே பெரிய மரங்களும் அகலமான சாலைகளும் தப்பியிருக்கின்றன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ஓட்டு வீடுகள்தான் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. அவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் தள்ளிப்போடாமல் போய்விடுவது நல்லது.